உரிந்துபோன புள்ளி

என் அக்காவைப் பற்றி நடுநிலையாக எழுத என்னால் முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் நடுநிலையாக இருந்தவர்கள் நிறையப் பேர். அவர்களால்தான் இவ்வளவும் வந்தது.

அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. சாவி வெட்டுகிறவர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் பன்னிரண்டடி அகலத்தில் ஓர் அறை. உள்ளே ஒரு பழைய கட்டிங் மெஷின், ஒரு நீள மேசை, சுவரில் சாய்த்து வைத்த ஸ்டிக்கர் ரோல்கள், ஓர் ஏணி. ஏணி என்னுடையது. அக்கா கடை போர்டுகளுக்கு ஸ்டிக்கரில் எழுத்து வெட்டுவாள், நான் ஏறி ஒட்டுவேன். கீழே நின்று "கோணலா இருக்கு" என்று சொல்வதும் அவள் வேலைதான். அதை அவள் மிகவும் விரும்பிச் செய்வாள்.

போர்டு செய்ய வருகிறவர்களைவிட, மெஷினைப் பற்றி அழ வருகிறவர்கள்தான் எங்கள் கடைக்கு அதிகம். பெரிய பெரிய கடைகளின் ஆபரேட்டர்கள் கெட்டுப்போன ஷீட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள். அக்கா ஆள் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஷீட்டை வாங்கித் திருப்பி, ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும் தாளை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். பிளேடு ஸ்டிக்கரை வெட்டி, அடித்தாளில் நகம் பட்ட மாதிரி லேசான கோடு மட்டும் போட்டிருக்க வேண்டும். தாளே அறுந்திருந்தால் திட்டு. கோடே விழாமல் இருந்தால் அதைவிடப் பெரிய திட்டு.

"பிளேடை எவ்வளவு நீட்டி வச்சிருக்கே? வெட்டப் போறது ஸ்டிக்கரையா, மேசையையா?"

"பிரிண்ட்ல கோடு கோடா வருதா? ஹெட்டை கிளீன் பண்ணி எத்தனை நாளாச்சு? பல்லாவது தினமும் தேய்க்கிறியா நீ?"

"மை காய ஒரு நாள் விடாம மேல லேமினேஷன் போட்டா, ஓரம் சுருளாம வேற என்ன பண்ணும்?"

ஒருமுறை ஒரு மருந்துக்கடைக்காரர் கண்ணாடிக் கதவின் உள்பக்கம் ஒட்ட எழுத்து வாங்கிப் போனார், வேறொரு கடையில். உள்பக்கம் ஒட்டுவதென்றால் எழுத்தைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். யாரும் திருப்பவில்லை. அவர் அதை எங்களிடம் கொண்டுவந்து நியாயம் கேட்டார். "ஒண்ணும் தப்பில்லை சார்" என்றாள் அக்கா. "கல்லாவுல உட்கார்ந்து நீங்களே படிச்சுக்கலாம். கடை பேர் மறந்து போகாது." இத்தனை வாங்கிக் கட்டிக்கொண்டும் ஏன் வருகிறார்கள் என்றால், அவள் சொன்னபடி செய்தால் மெஷின் ஓடும்.

இனி புள்ளி விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் எழுத்து வெட்டுகிறவர்களுக்கு இது ஒரு தனித் தலைவலி. மெஷின் எழுத்தைச் சுற்றிக் கீறித்தான் கொடுக்கும். எழுத்து இல்லாத மிச்ச ஸ்டிக்கரை நாம் கையால் உரித்து எடுக்க வேண்டும். வேஸ்ட் உரிப்பது என்று சொல்வோம். எழுத்து பெரிது, தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மேலே இருக்கிற புள்ளி சுண்டுவிரல் நகத்தில் பாதி. பிளேடு மழுங்கியிருந்தாலோ, உரிக்கிறவர் அவசரக்காரராக இருந்தாலோ, புள்ளி வேஸ்ட்டோடு சேர்ந்து போய்விடும். போனது தெரியாது. பல் மருத்துவர் ஒரே நாளில் பல மருத்துவர் ஆகிவிடுவார். அவராவது சிரித்துவிட்டுப் போவார். எங்கள் கதையில் போனது 'கல்வி'யின் புள்ளி.

ஏழு வருஷத்துக்கு முன்பு அக்கா எங்கள் அத்தான் கடையில் வேலை பார்த்தாள். அத்தான் என்றால் எங்கள் சொந்த அத்தையின் ஒரே மகன். கடை அவருடையது, வேலை அக்காவுடையது. ஒன்பது வருஷம் அப்படித்தான் ஓடியது. ஒருநாள் காலையில் ஒரு டியூஷன் சென்டருக்கு போர்டு. கல்வி நிலையம் என்று மூன்றங்குல உயர எழுத்து, பத்து மணிக்குத் திறப்பு. அக்கா வெட்டி முடித்துவிட்டுப் புள்ளியை நகத்தால் தடவிப் பார்த்திருக்கிறாள். "அத்தான், பிளேடு மழுங்கிடுச்சு. புள்ளி சுத்தி சரியா அறுபடல. மாத்திட்டு மறுபடி வெட்டறேன், அரை மணி நேரம் குடுங்க" என்றாளாம். "அரை மணி நேரமா? நகரு" என்று சொல்லி அத்தானே ஒரு முனையைப் பிடித்துச் சர்ரென்று இழுத்திருக்கிறார். அடுத்த போர்டுக்கு பிளேடு வாங்க அக்காவை அனுப்பிவிட்டு, ஆளைக் கூட்டிக்கொண்டு போய் ஒட்டியும் விட்டார்.

கலவி நிலையம். புள்ளி போனால் கல்வி என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பத்து மணிக்குப் பெற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். பதினோரு மணிக்கு ஊரில் இருக்கிற எல்லா போனிலும் அந்தப் படம் இருந்தது. டியூஷன் சார் கடைக்கு ஓடிவந்து, "யாருய்யா இதைப் பண்ணது?" என்று கத்தினார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அத்தான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அக்கா பக்கம் விரலை நீட்டி, "இவதான் சார். எத்தனை தடவ சொன்னாலும் கவனம் கிடையாது" என்றார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து அத்தை வந்தாள். அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், "பெரிய இடத்துல எதிர்த்துப் பேசாதடி. விட்டுக்குடுத்துப் போ" என்றாள். அக்கா விட்டுக்கொடுத்தாள். அன்றைக்கே வேலையும் போயிற்று. அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பேர் வைத்தார்கள். 'கலவி அக்கா'. காய்கறிக் கடையில் முதுகுக்குப் பின்னால் கேட்கும். அக்காவின் வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்தில் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவர் நல்லவர், பேசாமல் வந்துவிட்டார். நல்லவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அத்தை சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய், "நல்ல பொண்ணுதான், கவனம்தான் பத்தாது" என்று சொல்லி வைத்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. ஆனால் என் எரிச்சல் கத்தித் தீர்ந்துவிடும் ரகம். அக்காவுடையது வேறு. அவள் அழவில்லை, சாபம் கொடுக்கவில்லை. பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, ஒவ்வொரு வேலையிலும் புள்ளிகளை எண்ணி அடித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். "அவர் வாயால சொல்லணும். அந்த சார் முன்னாடியே சொல்லணும்" என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள். ஏழு வருஷத்தில் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

போன மாதம் ஒரு காலை, ஒன்பது மணிக்கு, அத்தான் எங்கள் கடை வாசலில் நின்றார். நான் ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஏணி அவர் மேல் தவறி விழுந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது என்று ஒரு கணம் தோன்றியது.

"நல்லா இருக்கியா?" என்று அக்காவைக் கேட்டார்.

"மெஷினுக்கு என்ன?" என்றாள் அக்கா.

அத்தான் வரவழைத்துக்கொண்ட சிரிப்போடு சொன்னார். டியூஷன் சார் இப்போது பெரிய கட்டடம் கட்டிவிட்டார். நாற்பது வகுப்பறை, நாற்பது கதவு. ஒவ்வொரு கதவிலும் வட்டமாக ஒரு சின்னம் பிரிண்ட் செய்து வெட்டி ஒட்ட வேண்டும். அதன் கீழே ஊர்ப் பேரோடு கல்வி நிலையத்தின் முழுப் பேர். மறுநாள் திறப்பு. புது மெஷின் இரண்டு நாளாகப் படுத்துகிறது. சின்னத்தைக் கோடு மாறி வெட்டுகிறது, எழுத்தில் புள்ளி நிற்கவில்லை. கம்பெனி ஆள் வர ஒரு வாரம் ஆகும்.

"ஊர்ல எல்லாரும் உன்னைத்தான் சொல்றாங்க" என்றார்.

"ஊர்ல என்னைச் சொல்றாங்கதான்" என்றாள் அக்கா. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வர்றேன். ஆனா சாம்பிள் ரெடியானதும் சார் நேர்ல வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம்தான் மீதி வெட்டணும்."

சாம்பிளில் கையெழுத்து வாங்குவது தொழிலில் வழக்கம்தான். அத்தான் உடனே தலையாட்டினார். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் நான் அக்கா மேல் பாய்ந்தேன். "உனக்கு வெக்கமே இல்லையா? நாப்பது கதவுலயும் கலவின்னு ஒட்டட்டும். நாம போய் போட்டோ எடுக்கலாம்."

"நாப்பது கதவுல போச்சுன்னா அவர் வேற ஒருத்தி பக்கம் விரலை நீட்டுவார்" என்றாள் அக்கா. இடுக்கி, பூதக்கண்ணாடி, புது பிளேடு இரண்டு, எல்லாவற்றையும் பைக்குள் போட்டாள். என்னையும் வரச் சொன்னாள்.

அத்தான் கடையில் இப்போது ஏசி இருக்கிறது. இரண்டு ஆபரேட்டர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அக்கா முதலில் சின்னத்தை எடுத்தாள். பிரிண்ட் ஷீட்டின் நான்கு மூலையிலும் சின்னக் கறுப்புக் குறிகள் இருக்கும். மெஷினின் கண் அவற்றைப் பார்த்துத்தான் எங்கே வெட்டுவது என்று முடிவுசெய்யும். இவர்கள் அதன் மேல் பளபளப்பான லேமினேஷன் போட்டிருந்தார்கள். வெளிச்சம் பட்டுத் தெறித்ததில் மெஷின் குறியை ஒரு பக்கம் தள்ளிப் பார்த்திருக்கிறது. பளபளப்பில்லாத டேப்பை நான்கு குறிகள் மேலும் ஒட்டி மறுபடி விட்டாள். வட்டம் கோட்டோடு கோடாக அறுந்து வந்தது. ஒரு ஆபரேட்டர் "அட!" என்றார். அத்தான் அவரை முறைத்தார்.

அடுத்தது புள்ளி. மெஷினில் ஒரு பிளேடு மாட்டியிருந்தது, கம்ப்யூட்டரில் வேறொரு பிளேடின் அளவு இருந்தது. அதனால் புள்ளியின் வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்து முடியவில்லை, மயிரிழை இடைவெளி. அளவைத் திருத்தினாள். பிறகு பிளேடு ஓடும் இடத்தின் கீழே இருக்கும் பட்டையை விரலால் நீள நெடுகத் தடவினாள். நடுவில் ஓரிடத்தில் நின்றாள். பழைய வெட்டுகள் விழுந்து அங்கே பள்ளமாகியிருந்தது. ஸ்டிக்கர் அங்கே அமுங்கிக் கொடுக்கும். பிளேடு ஆழமாக இறங்காது. பட்டையைக் கழற்றிப் புதிது மாட்டச் சொன்னாள். எல்லாம் முடியப் பன்னிரண்டு மணி. ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் அரைகுறையாக விடவில்லை. எனக்கு அவள் மேல் அவ்வளவு கோபம்.

டியூஷன் சார் வந்தார். தொப்பை வைத்திருக்கிறது, மற்றபடி அதே ஆள். அக்காவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து முகம் மாறியது. "இந்தம்மாவா?" என்று அத்தானைக் கேட்டார்.

"ஆமா சார், நான்தான்" என்றாள் அக்கா. "ரெண்டு சாம்பிள் வெட்டியிருக்கு. ஒரே மெஷின், ஒரே பிளேடு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வெட்டினது. ஒண்ணை அத்தான் உரிப்பார், ஒண்ணை நான் உரிப்பேன். நீங்க பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அத்தானுக்கு அப்போதும் புரியவில்லை. மெஷின் சரியாகிவிட்ட தைரியத்தில் முன்னால் வந்தார். ஷீட்டின் மூலையை இரண்டு விரலில் பிடித்தார். அந்தக் கைப்பழக்கம் மட்டும் ஏழு வருஷத்தில் மாறவே இல்லை. நேர் மேலே தூக்கி, சர்ரென்று ஒரே இழுப்பு.

மேசையில் 'கலவி' கிடந்தது.

அக்கா தன் ஷீட்டை எடுத்தாள். வேஸ்ட்டை மடக்கித் தாளோடு தாளாகப் படுக்கவைத்து மெதுவாக இழுத்தாள். புள்ளி வரும் இடத்தில் நின்று, இடுக்கி முனையால் அதை அழுத்திக்கொண்டு, அதைத் தாண்டி இழுத்தாள். அந்தப் பக்கம் 'கல்வி' முழுசாக நின்றது. டியூஷன் சார் ஒரு ஷீட்டைப் பார்த்தார், அடுத்த ஷீட்டைப் பார்த்தார், பிறகு அத்தானைப் பார்த்தார். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ அன்னிக்கு உரிச்சது யாரு?" என்றார் சார்.

"நீங்களே சொல்லுங்க அத்தான்" என்றாள் அக்கா.

அத்தான் எதையோ மென்று விழுங்கினார்.

"கேக்கல. மெஷின் சத்தம்" என்றாள் அக்கா. போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். ஏசியும் நின்றது. "இப்ப சொல்லுங்க."

"நான்தான். அவ பிளேடு மாத்தணும்னு சொன்னா. நான்தான் அவசரப்பட்டு உரிச்சேன்."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

சார் தொண்டையைச் செருமினார். "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேக்கலையே சார். விரல் யார் பக்கம் நீளுதுன்னு பாத்தீங்க. அது யார் விரல்னு பாக்கல." அக்கா பேனாவை அவரிடம் நீட்டினாள். அவர் நல்ல சாம்பிளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாப்பதையும் இந்தம்மா பாத்து சரின்னு சொல்லணும். இல்லன்னா ஒண்ணுகூட ஒட்ட விடமாட்டேன்" என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தோடு முடிந்திருந்தால் அக்கா அந்த நாற்பதையும் தானே உரித்துக் கொடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். பை திறந்தே இருந்தது, இடுக்கி கையில் இருந்தது. "கடைசியா ஒண்ணு. அத்தைக்குப் போன் போட்டு, இப்ப சொன்னதை அப்படியே சொல்லுங்க" என்றாள்.

அத்தான் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். சொன்னார். அந்தப் பக்கமிருந்து அத்தை, "அதுக்கு இப்ப என்ன? எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

அக்கா போன் பக்கம் குனிந்தாள். "என்ன தெரியும் அத்தை?"

"நீ பக்கத்துலதான் இருக்கியா? சரி, கேட்டுக்கோ. சார் வந்து கத்தறதுக்கு முன்னாடியே உள்ள வந்து என்கிட்ட சொல்லிட்டான்டி. கடை அவன் பேர்ல இருக்கு, அவன் பேர் போனா கடை போயிடும். நீ வேலை பாக்கறவ. நாலு நாள் பேசுவாங்க, விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். நீ பொறுத்துப்பே."

அக்கா இடுக்கியை மேசையில் வைக்கப் போனாள். மேசை ஓரம் தப்பிக் கீழே விழுந்தது. பதினாறு வருஷமாக மயிரிழையைப் பார்த்து வெட்டுகிற கை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. விட்டுக்கொடுத்துப் போ என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தபோதே அத்தைக்குத் தெரியும். அந்தப் பிடியைத்தான் அக்கா ஏழு வருஷம் பாசம் என்று நினைத்திருந்தாள்.

"அத்தை, கண்ணாடியை எடுத்துக்கிட்டு உடனே கடைக்கு வாங்க" என்றாள்.

"எதுக்குடி?"

"புள்ளி எண்ணணும். ஒரு கதவுக்கு அஞ்சு, நாப்பது கதவுக்கு எரநூறு. உங்க பையன் உரிப்பார், நீங்க எண்ணுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் நாளைக்குக் கதவு மொட்டையா நிக்கும்."

அத்தை வந்தாள். அவளுக்கு எழுபது வயது; பாவம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். மகன் மேசைக்கு இந்தப் பக்கம் குனிந்து உரிக்க, அம்மா அந்தப் பக்கம் கண்ணாடியை மூக்கில் தள்ளித் தள்ளி எண்ணினாள். அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முதல் ஆறு ஷீட்டில் நான்கில் புள்ளி போயிற்று. ஒவ்வொரு தடவையும் அத்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. "நாலுதான்டா இருக்கு." உடனே அக்கா, "மறுபடி வெட்டுங்க" என்பாள். ஆபரேட்டர்கள் சிரிப்பை அடக்க வெளியே போய்ப் போய் வந்தார்கள். பத்தாவது ஷீட்டுக்கு மேல் அத்தான் மெதுவாக இழுக்கக் கற்றுக்கொண்டார். விரல்கள் மரத்துப்போய் உதறிக்கொண்டார். அக்கா ஒரு தடவைகூட எழுந்துபோய் இப்படித்தான் என்று செய்து காட்டவில்லை.

ஆறு மணிக்கு, வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, நாற்பதாவது ஷீட் முடிந்தது. அக்கா எழுந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். அத்தை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிடித்த மாதிரியே அக்காவின் கையைப் பிடித்தாள்.

"எல்லாம் சரியா இருக்காடி? மனசுல ஒண்ணும் வச்சுக்கலையே?"

அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாக.

"எரநூறும் சரியா இருக்கு அத்தை" என்றாள். "உங்க ரெண்டு பேரையும் நான் மன்னிக்கல."